ஓவர்சியர் வேலி போட்ட காடு

அந்த மனிதர் யாரையாவது "சாமி" என்று கூப்பிட்டுவிட்டால் அந்த ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். இது எனக்குப் புரிவதற்கு வெகுநாள் ஆயிற்று. புரிந்தபோது என் மேசை அம்மோனியா மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் கோபம் வந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுவோம், மண்ணை வாரித் தூற்றுவோம், மறுநாள் அதே வீட்டில் போய் உறைமோர் வாங்குவோம். எண்பதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். நான் வரைபட வேலை படித்திருந்ததால் எனக்கு நகராட்சியில் டிரேசர் உத்தியோகம் அமைந்தது. மேலே உள்ளவர்கள் பென்சிலில் போட்டுக் கொடுக்கிற பிளானின் மீது டிரேசிங் தாளை விரித்து மையில் நகல் எடுக்க வேண்டும். எனக்கு வேலை ஏவுகிறவர் ஓவர்சியர். ரோடு, சாக்கடை, பூங்கா எல்லாம் அவர் கையில்தான் இருந்தது.

முதல் நாள் நான் போய் நின்றபோது எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க கண்ணு. ஊடெல்லாம் அமைஞ்சுதுங்களா? தண்ணிக்குப் பக்கத்துல வசதி இருக்குதுங்களா?" என்று விசாரித்தார். தனக்குக் கீழே வேலைக்கு வந்த ஒருத்திக்கு "ங்க" போடுகிற அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. தங்கமான மனுஷர் என்று வீட்டில் போய்ச் சொன்னேன். தெற்கேயிருந்து வருகிற அத்தனை பேரும் இந்த ஊரில் முதலில் ஏமாறுகிற இடம் இதுதான். மரியாதையைப் பிரியம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தான் போட்டிருப்பார். சித்திரை வெயிலில் மொபெட்டில் ஊரைச் சுற்றி வந்தாலும் நெற்றித் திருநீறு கலையாது. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. எதையும் எழுதி வைக்கமாட்டார். "எங்கய்யன் எனக்குக் காடு தோட்டம் ஒண்ணும் வெச்சுட்டுப் போகலீங்க. மறதியில்லாத புத்தியக் குடுத்தாருங்க, அது போதுமுங்க," என்பார். ஏதோ பணிவாகப் பேசுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆபீஸ் எதிரே ஒரு டீக்கடை இருந்தது. ஒருநாள் கடைக்காரர் ஓவர்சியருக்கு நீட்டிய கிளாஸை, அந்த நேரம் பார்த்துக் காரில் வந்து இறங்கிய ஒருவர் பக்கம் திருப்பிவிட்டார். "உங்களுக்கு அடுத்ததுல போடறனுங்க," என்றார். "அதுக்கென்னங்க சாமி, மெதுவாப் போடுங்க," என்று இவர் சிரித்தார். போட்ட டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, டீ அருமை என்று பாராட்டிவிட்டும் வந்தார். அந்த மாதமே அந்த ரோட்டில் சாக்கடை கட்ட அளவெடுத்தார்கள். நேராகப் போக வேண்டிய சாக்கடை, அந்தக் கடையின் அடுப்புக்கு அடியில் வந்து ஒரு வளைவு வளைந்தது. கடைக்காரர் வந்து அழுதார். "கெவருமெண்டு ரூல்சுங்க சாமி, நான் என்னங்க பண்ணட்டும்?" என்று இவரும் கையெடுத்துக் கும்பிட்டார். பாவம், மனுஷர் எவ்வளவு வருத்தப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அப்படியொரு மண்டு நான்.

பிறகு என் முறை வந்தது. ஒரு பிளானில் வடக்கைக் காட்டுகிற அம்புக்குறியை அவர் தெற்கே பார்த்துப் போட்டிருந்தார். இன்ஜினியர் பக்கத்தில் நிற்கும்போதே, "என்ன சார், வடக்கு தலைகீழா நிக்கி?" என்று கேட்டுத் தொலைத்தேன். இன்ஜினியர் சிரித்துவிட்டார். ஓவர்சியர் என் பக்கம் திரும்பி, "நெம்ப நன்றிங்க சாமி. நல்லவேளை நீங்க பாத்தீங்க," என்றார். அதுவரை கண்ணு என்று கூப்பிட்டவர் சாமி என்கிறாரே, மதிப்புக் கூடிவிட்டது என்று நான் வேறு பூரித்துப்போனேன்.

மறுநாள் காலையில் என் மேசையைக் காணோம். பிளான்களுக்குப் பிரிண்ட் எடுக்கிற அம்மோனியா மெஷின் இருந்த ஜன்னலில்லாத அறையில் அதைக் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். "பிரிண்டு எட்டற தூரத்துலயே இருக்குமுங்க, நீங்க நடக்க வேண்டாமில்லீங்க," என்றார் அக்கறையாக. அந்த மெஷின் ஓடினால் கண்ணும் மூக்கும் சேர்ந்து எரியும். தீபாவளிக்குத் தொடங்கிய இருமல் பொங்கல் தாண்டியும் நிற்கவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த நாற்றம் அடித்தது. இருமி இருமி நெஞ்சு வலித்த ஒரு சாயங்காலம், இந்த ஆளுக்கு ஒருநாள் நான் யாரென்று காட்டாமல் விடமாட்டேன் என்று தீர்மானித்தேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

ஆனால் அவருக்குக் காட்டுவதற்கு முன்னால் இன்னொருத்தருக்கு நேரம் வந்தது. ஒரே வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதன் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆபீஸில் எல்லோருக்கும் அழைப்பு வந்திருந்தது. ஓவர்சியர் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் நான். இலையில் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, இனிப்பு வைத்து, சோறும் விழுந்துவிட்டது. அவர் இன்னும் கை வைக்கவில்லை. அந்த நேரம் பம்பாயிலிருந்து துணி வாங்குகிற பார்ட்டிகள் உள்ளே நுழைந்தார்கள். முதலாளியே ஓடிவந்து ஓவர்சியரின் தோளைத் தட்டினார்.

"ஓவர்சீரு, நீங்க அடுத்த பந்தீல உக்காந்துக்கங்க. பையருங்க வந்துட்டாங்க."

இலை போட்டுப் பரிமாறிய பிறகு ஒருவரை எழுப்புவது என்றால் இந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. அண்ணன் தம்பிகள் அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். ஓவர்சியர் எழுந்தார். அவருக்குப் பரிமாறிய இலையில் இன்னொருவர் உட்கார்ந்தார். "நெம்ப சந்தோசமுங்க சாமி. பொண்ணும் மாப்பிளையும் மகராசனா இருக்கோணும்," என்று சொல்லிவிட்டு, சாப்பிடாத கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டு அவர் போனார். எனக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தால்தான். முதலாளி செத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த முதலாளி மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். எங்கள் பகுதியில் இருந்த கிணறுகளை வந்து பார்த்திருந்தால் கேட்கமாட்டீர்கள். பட்டறையில் இன்றைக்குச் சிவப்பு ஓடுகிறதா, ஊதா ஓடுகிறதா என்று வாளியை விட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். துவைத்தால் வேட்டி நிறம் மாறும். குடித்தால் பிள்ளைகளுக்கு வயிறு கெடும். மிச்சமிருந்தது ஒரே ஒரு கிணறு. அது நகராட்சிப் பூங்காவின் பின்பகுதியில் இருந்தது.

பூங்கா என்று பேர்தான். முன்னால் உடைந்த சறுக்குமரம், சங்கிலி அறுந்த ஊஞ்சல், எச்சில் துப்புகிற ஒரு சிமெண்ட் தொட்டி. பின்னால் யாரும் தொடாத காடு. வெள்வேலம், வேம்பு, ஊஞ்சை, இடையில் ஆள் நுழைய முடியாத சங்கம்புதர். கீரி ஓடும், மயில் வந்து நிற்கும். அதற்கு நடுவில் அந்தக் கிணறு. காட்டுக்குள் எந்தச் சாக்கடையும் போகாததால் அதில் மட்டும் தண்ணீர் தண்ணீராக இருந்தது. லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் குடம் எடுத்துப் போவோம். எனக்கு அடுத்த வீட்டுச் சபூராக்கா, "இந்தத் தண்ணி இருக்கற வரைக்குந்தான் இந்தத் தெருவுல நாம இருப்பம்போல இருக்குது," என்பார். பட்டறையின் பின்சுவர் அந்தக் காட்டை ஒட்டித்தான் இருந்தது.

கல்யாணம் முடிந்து சில வருஷம் ஓடியது. ஓவர்சியர் ஒன்றுமே செய்யவில்லை. எங்கே முதலாளியைப் பார்த்தாலும் வணக்கம் வைத்தார். மறந்துவிட்டாரோ என்று எனக்கே சலிப்பாகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி நகராட்சிக்கு ஒரு யோசனையோடு வந்தார். பூங்காவை என் செலவில் புதுசாக்கித் தருகிறேன், ஆர்ச், பவுண்டன், விளக்கு, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் எல்லாம் போடுகிறேன், பின்னால் சும்மா கிடக்கிற காட்டில் மட்டும் என் லாரிகளுக்கு ஒரு வழி விடுங்கள் என்றார். வழி என்றால் வழியோடு சாயக்கழிவுக்கு ஒரு குழாயும் போகும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆபீஸில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஓவர்சியரைக் கூப்பிட்டு, பூங்கா அபிவிருத்திக்குப் பிளான் போடச் சொன்னார்கள்.

லைன் வீட்டுப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் போய் அவரிடம் கேட்டேன். "சார், அந்தக் கெணறு போச்சுன்னா நாங்க எங்க போவோம்? பிள்ளைக வச்சிருக்கோம் சார்."

"தண்ணிக்கென்னங்க, லாரீல கொண்டாந்து ஊத்துவாங்கில்லீங்க," என்றார் பிளானிலிருந்து கண்ணை எடுக்காமல். அவருக்கு மரத்தின் மேலும் அக்கறை இல்லை, எங்கள் மேலும் இல்லை. அளவெடுக்கக் காட்டுக்குள் கால் வைத்தால் தும்மித் தும்மி மூக்கைச் சிந்துவார். மயிலைப் பார்த்தால், "கருமம், கத்தற கத்தலப் பாருங்க," என்பார். அப்படிப்பட்ட மனுஷர்.

நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அந்த வாரம் முதலாளி ஆபீசுக்கு வந்தார். ஓவர்சியர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க சாமி, உக்காருங்க சாமி," என்றார். நான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"முன்னால ஆர்ச்சு வெக்கறீங்க, பவுண்டன் வெக்கறீங்க, எல்லாத்துலயும் உங்க பேருங்க. நல்லதுதானுங்க. உங்களப் பெத்த அய்யனுக்கு என்னுங்க வெச்சிருக்கறீங்க?"

முதலாளி அதை யோசித்தே இருக்கவில்லை. அவருடைய அப்பா, கேட்டவர்களுக்கு ஒரு வேப்பங்குச்சியைக்கூட ஓசியில் கொடுக்காத மனிதர் என்று ஊரே சொல்லும். "என்ன பண்ணலாமுங்க?" என்று கேட்டார்.

"பின்னால இருக்கற காட்டுக்கு அய்யன் பேர வெச்சுப்போடலாமுங்க. முழுக் கருங்கல்லுல செதுக்கி நட்டுட்டா நூறு வருசமானாலும் நிக்குமுங்க."

"அப்பறம் என்ற லாரிக்கு வழி?"

"கல்லு ஓரமாத்தானுங்க நிக்கும் சாமி. அத நான் பாத்துக்கறனுங்க."

ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட உபயம் என்று வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதுகிற ஊர் நம்முடையது. கருங்கல் என்றதும் முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. திருமுருகன்பூண்டியில் சிலை செய்கிறவர்களிடம் கல்லைக் கொடுத்தார்கள். முதலாளி காரை எடுத்துக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்த்தார். அப்பா பேரின் எழுத்து பெரிதாக இருக்கிறதா, இனிஷியல் சரியாக இருக்கிறதா, தங்க நிற பெயிண்ட் ஒட்டுமா என்று விசாரித்தார். பேருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த வரிகளை அவர் பார்க்கவில்லை. உபயம் கொடுக்கிற எவன் பேருக்குக் கீழே படித்திருக்கிறான்?

அந்த வரிகளை ஓவர்சியர் சொல்லச் சொல்ல மையில் எழுதியவள் நான். "அன்னாரின் நினைவாக இந்த வனம் மரம் வெட்டாமலும், வழி விடாமலும், குழாய் பதிக்காமலும் என்றென்றைக்கும் அப்படியே பாதுகாக்கப்படும் என அவர்தம் புதல்வர் உறுதி கூறுகிறார்." எழுதி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். "எழுத்து நல்லா வந்திருக்குதுங்க," என்றார் அந்த மனிதர். அதே வார்த்தைகளோடு பூங்காப் பிளானுக்கு மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கி வைத்துவிட்டார். அங்கேயும் எல்லோரும் ஆர்ச்சையும் பவுண்டனையும்தான் பார்த்தார்கள்.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. நாதஸ்வரம், மைக்செட், சீரியல் லைட். முதலாளியின் சொந்தபந்தம் பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தார்கள். கல்லை மூடியிருந்த துணியை விலக்கியதும் ஓவர்சியர் மைக்கை முதலாளியின் கையில் கொடுத்தார். "நீங்களே படிச்சுப்போடுங்க சாமி. அய்யன் பேரு உங்க வாயால சபைக்குக் கேக்கட்டும்."

அவர் படித்தார். பேரைக் கணீரென்று படித்தார். அடுத்த வரியில் குரல் மெதுவானது. "மரம் வெட்டாமலும்..." என்றார். "வழி..." என்று நின்றார். அதற்குள் ஜனம் கை தட்டத் தொடங்கிவிட்டது. அவருடைய அக்கா, வயதானவர், "எங்கய்யா!" என்று அழுதுகொண்டே ஓடிவந்து கல்லின் காலில் விழுந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். மைக் கையில் இருக்கிறது, சபை பார்த்துக்கொண்டிருக்கிறது, அக்கா காலடியில் கிடக்கிறார். மனுஷர் என்ன செய்வார்? குழாய் பதிக்காமலும் என்று முழுசாகப் படித்து முடித்தார். எல்லோரும் கை தட்டி ஓய்ந்த பிறகும் ஓவர்சியர் தட்டிக்கொண்டே இருந்தார். சபூராக்கா என் இடுப்பைக் கிள்ளி, "என்ன கண்ணு நடக்குது இங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி ஆபீசில் வந்து ஆடினார் பாருங்கள் ஒரு ஆட்டம். மேசையைத் தட்டினார், நாற்காலியைத் தள்ளினார். ஓவர்சியர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லுத்தானுங்க, எடுத்துப்போடலாமுங்க. இப்பவே கடப்பாரையோட ஆள அனுப்பறனுங்க. உங்க அய்யன் பேர ஒடைக்கறதுக்கு முன்னால உங்க அக்காகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க சாமி."

முதலாளி ஓவர்சியரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணப் பந்தி அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பிப் போய்விட்டார். அமாவாசை தவறாமல் அந்த அக்கா கல்லுக்கு மாலை போட வர ஆரம்பித்தார்.

ஓவர்சியர் அதோடு விட்டிருந்தால் அவர் ஓவர்சியரே இல்லை. பூங்கா வசதிகள் என்று பிளானில் என்னவெல்லாம் உண்டோ எல்லாவற்றையும் ஆசை ஆசையாகச் செய்தார். காட்டைச் சுற்றிக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார். கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டினார். பெண்கள் குடத்தோடு போவதற்கு ஒற்றையடி மண்பாதை விட்டார். பொதுக் கழிப்பிடத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, நாள்முழுக்கக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாகப் பட்டறை ஆபீசின் ஜன்னலுக்கு நேரே இடம் குறித்தார். அந்தப் பிளானை டிரேஸ் செய்தபோது எனக்கு ஒரு மணி நேரம் வேலையே ஓடவில்லை, அவ்வளவு சிரிப்பு. அம்மோனியா அறையை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் அவரைப் பார்த்தால் எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய வன்மம் எனக்கு ஊற்றிக்கொடுத்த தண்ணீரை நான்தானே குடித்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களில் காடு நன்றாக அடர்ந்துவிட்டது. ஊரில் எங்கும் நிழல் இல்லாமல் போனபோது ஜனங்கள் எல்லாம் அங்கே நடக்க வந்தார்கள். அவர்களோடு முதலாளியும் வந்தார். சர்க்கரை வியாதி முற்றி, நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கல்லில் அவர் அப்பா பேர் இருக்கிறது. அவர் உறுதி கூறுவதாக எழுதியிருக்கிறது. பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? வழிமறித்துக் கும்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து அவரைக் காட்டினார்கள். ஏதோ ஒரு சங்கத்தில் பொன்னாடை போர்த்தி, மரங்களின் காவலர் என்று கேடயம் கொடுத்தார்கள்.

ஒருநாள் நானும் ஓவர்சியரும் விளக்குக் கம்பங்களைப் பார்வையிடப் பூங்காவுக்குப் போயிருந்தோம். வயதான ஒருவர் முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க புண்ணியத்துலதானுங்க நாங்கெல்லாம் மூச்சு உடறோம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி எங்களைப் பார்த்தார். ஓவர்சியரின் கண்ணுக்குள் பார்த்தபடியே சொன்னார்: "நான் என்னங்க பண்ணுனன். எல்லாம் எங்கய்யனோட ஆசைங்க. ஒரு மரத்தத் தொட உடமாட்டனுங்க."

ஓவர்சியர் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி வரும்போது மொபெட்டை உதைத்து ஸ்டார்ட் செய்ய அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அந்த வாரமே என் மேசைக்கு ஒரு பென்சில் பிளான் வந்தது. பூங்கா விரிவாக்கம் என்று தலைப்பு. பின்பகுதியில் ஒரு மரம்கூட இல்லை. சிமெண்ட் தரையில் ஸ்கேட்டிங் மைதானம். கார்கள் நிறுத்துமிடம். கிணற்றின் மேல் கான்கிரீட் பலகை. குழந்தைகள் பாதுகாப்பு கருதி என்று ஓரத்தில் காரணமும் எழுதியிருந்தார். கல் முன்வாசலுக்குப் போகிறது. சொந்தக் கையால் போட்ட வேலியைத் தானே பிடுங்கப் போகிறார், முதலாளிக்கு ஒரு கும்பிடு குறைய வேண்டும் என்பதற்காக.

சாயங்காலம் சபூராக்காவிடம் சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். "போயி கால்ல உழுந்து கேளு கண்ணு. பொம்பளைக நாங்க அத்தன பேரும் வாறம். அழுது கேட்டா மனசு எரங்காமயா போகும்?" என்றார். அந்த மனுஷர் முன்னால் டீக்கடைக்காரர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அழுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு உடம்பு தேறும். "யாரும் வராதீக அக்கா, நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

காலையில் பிளானை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் விரித்தேன். இன்ஜினியர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன்.

"சார், இதுல ஒரு சந்தேகம். பட்டறைச் சுவர்ல கேட்டுக்கு எவ்வளவு அகலம் விடணும்?"

"எந்தக் கேட்டுங்க?"

"முதலாளி லாரி வெளிய வர்ற கேட்டு சார். கல்லும் போயிருது, மரமும் போயிருது. கார் நிறுத்துத எடத்துல லாரி வந்தா யாரு கேக்கப் போறா? அவரு அன்னிக்கு இந்த ஆபீசுக்கு வந்து கேட்டது இதத்தான? அவரா வெட்டுனா அவங்க அக்கா மூஞ்சில முழிக்க முடியாது. கெவருமெண்டு வெட்டிருச்சின்னு சொல்லிட்டு, பொன்னாடையையும் வச்சிக்கிடுவாரு, வழியையும் வாங்கிக்கிடுவாரு."

அவர் பிளானையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. அம்மோனியா அறையில் இருமிய இருமல் எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றது.

"ஒங்கள பந்தில இருந்து எந்திரிக்கச் சொன்ன மனுசன் சார். அவருக்கு நீங்களே எலையப் போட்டு, நீங்களே சோத்தையும் வைக்கீக. நல்ல மனசு சார் ஒங்களுக்கு."

அந்தக் கல்யாணத்தில் எதிர்வரிசையில் நான் இருந்தேன் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது. வெட்டினால் முதலாளிக்கு லாரி போகும். வெட்டாவிட்டால் முதலாளிக்கு மாலை விழும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஆள்தான் சாப்பிடுகிறான். மெதுவாகப் பிளானை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நெம்ப நன்றிங்க சாமி," என்றார் என்னைப் பார்த்து.

எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். வரட்டும் என்றிருந்தேன். அவர் ரிட்டயர் ஆகும் வரை அந்தக் காட்டின் வேலியை அவர்தான் பழுது பார்க்க வேண்டியிருந்தது. கம்பி அறுந்தால் அவரே நின்று கட்டவைத்தார், லாரி நுழைந்துவிடுமோ என்று. கட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாராவது முதலாளியைக் கும்பிடுவார்கள். நானும் என் பங்குக்கு விடவில்லை. "சார், நேத்து ஸ்கூல் பிள்ளைக முதலாளிக்கு ரோசாப்பூ மாலை போட்டுச்சுக," என்று வாரம் தவறாமல் காதில் போட்டுவைத்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம் இருக்கிறதே, சம்பளம் உயர்ந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. என்னைச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றினார். டேப்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ச் சாக்கடை அத்தனையும் இறங்கி அளந்தேன். அவர் ரிட்டயர் ஆன பிறகும் அந்த உத்தரவு மாறவில்லை, அப்படி இறுக்கமாகப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். அவருடைய வழியனுப்பு விழாவுக்கு நான் போகவில்லை. அவர் செத்துப்போனார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள், அதற்கும் நான் போகவில்லை.

சாக்கடை நாற்றத்தோடு வீடு திரும்பும் சாயங்காலங்களில் நேரே அந்தக் கிணற்றுக்குத்தான் போவேன். ஒரு வாளி இறைத்துக் கை கால் கழுவுவேன். இன்னொரு வாளி இறைத்து, அந்த ஆளை வாயாரத் திட்டிக்கொண்டே ஒரு சொம்பு குடிப்பேன். நாசமாய்ப்போகிற மனுஷன், தண்ணீர் அப்படி இனித்தது.